ஒன்றாம் எண்ணில் இருவர்

"நிறுத்துங்க! சார், நிறுத்துங்க! அது என்னோட சர்டிபிகேட்டு!"

விழுப்புரம் கம்பி ஆபீசின் மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவி, ஒரு செருப்பை வழியிலேயே உதிர்த்துவிட்டு, ஷேக் தாவூத் அறைக்குள் பாய்ந்தபோது காகிதத்தின் மேல்பாதி மட்டும் வெளியே இருந்தது. அதில் அவர் பெயர் தெரிந்தது. அவருடைய அத்தா மீரா சாகிப்பின் பெயர் தெரிந்தது. பிறந்த தேதியும் ஊரும் ஏற்கெனவே இயந்திரத்தின் வாய்க்குள் போய்விட்டிருந்தன.

கர்ர்ர்ர்ர்.

கீழே இருந்த கூடையில் ஷேக் தாவூத் சேமியாவாக விழுந்தார்.

"இன்னா பாய், இப்பிடியா ஓடியாருவாங்க? மூச்சு வாங்குது பாருங்க, ஒக்காருங்க" என்றார் பச்சைமுத்து. அந்த ஆபீசின் கடைநிலை ஊழியர். வலது கையால் காகிதத்தைக் கிழிக்கும் இயந்திரத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இடது கை பக்கத்து மேஜைக் கணினியில் எண்டர் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தது. டொக். டொக். டொக்.

"ஏங்க, அதான் சர்டிபிகேட்டு பிரிண்ட் ஆயி வந்துடிச்சில்ல? என் கையில குடுத்திருக்கலாமே!"

"எப்பிடிக் குடுக்கறது? நீங்க பொறந்தது திண்டிவனம். திண்டிவனத்துல பிரிண்ட் ஆயி, திண்டிவனத்துல சீல் வெச்சாத்தான் செல்லும். இது வழி தப்பி இங்க வந்துடிச்சி. வழி தப்பி வந்தத பதினோரு மணிக்குக் கிழிச்சிடணும். ரூல்சு."

"நான் பஸ்ல எடுத்துக்கினு போயி அங்க சீல் வாங்கிக்கிறேன் சார்!"

பச்சைமுத்துவின் முகத்தில் நிஜமான அதிர்ச்சி. "பஸ்லயா? கம்பில போவ வேண்டியத பஸ்ல எடுத்துக்கினு போனா அப்பறம் கம்பி எதுக்கு பாய்?"

டொக். டொக். டொக்.

ஷேக் தாவூதுக்கு ஊர் கோட்டக்குப்பம். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். இப்போது தோஹாவில் நல்ல வேலை ஒன்று காத்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவருடையது போன மார்கழியில் தானே புயலோடு போய்விட்டது. மண்ணடி ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை காலையில பேப்பர் என் டேபிள் மேல இருக்கணும் பாய். இல்லாட்டி அந்த விசா அடுத்த ஆளுக்கு."

இன்று செவ்வாய்.

சான்றிதழ் நகல் தரும் வேலையை ஏற்றுக்கொண்டிருந்தது தென்னாற்காடு வடபகுதித் தகவல் இணைப்புக் கழகம். இந்தப் பெயரை யாரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை என்பதால் கம்பி ஆபீஸ் என்றே சொல்வார்கள். பிறப்பு, இறப்பு எல்லாம் விழுப்புரத்தில் உள்ள பெரிய கணினியில் கிடக்கும். கேட்டவுடன் கம்பி வழியாகத் திண்டிவனம் போய்ச் சேரும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும் தூரம். கம்பிக்குக் கண்ணிமைக்கும் நேரம். திறப்பு விழாவில் அப்படித்தான் சொன்னார்கள். தாவூதின் சான்றிதழ் இதோடு மூன்றாவது முறையாகக் கூடைக்குள் போயிருந்தது.

"பாய், இப்பிடி வாங்க."

வாசலில் நின்று கூப்பிட்டவள் அக்னஸ். ஸ்விட்ச் அறையின் ஒப்பந்தப் பணியாளர். காலையில் "உங்க சர்டிபிகேட்டு மறுபடியும் இங்கயே வந்துடிச்சி, ஜல்தி வாங்க" என்று போன் செய்தவளும் அவள்தான்.

ஸ்விட்ச் அறை என்பது முன்னாளில் ஸ்டோர் ரூம். நடுவில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள்தான் ரூட்டிங் ஸ்விட்ச் என்ற பெட்டி இருப்பதாக அக்னஸ் சொன்னாள். எந்தத் தகவலை எந்தக் கம்பியில் விட வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி. தாவூதின் கண்ணுக்குப் பெட்டி தெரியவில்லை. காகிதம்தான் தெரிந்தது. மேலே, கீழே, பக்கவாட்டில், எங்கும் தட்டச்சுக் காகிதங்கள், கோந்து போட்டு ஒட்டப்பட்டு.

"இன்னாம்மா இது?"

"பதில்."

"யாருக்கு?"

"ஸ்விட்ச்சுக்கு."

டொய்ங் என்றது திரை. சிவப்பில் ஒரு வரி ஓடியது. அக்னஸ் அதைத் தாளில் எழுதி, கதவுச் சந்து வழியாக நீட்டினாள். மறுபக்கத்திலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. பிழைப் பிரிவுக் கண்காணிப்பாளர் விருத்தாசலத்தின் கை.

"பெட்டி எதனா தப்பு நடந்தா இப்பிடி மெசேஜ் குடுக்கும் பாய். ஒவ்வொண்ணுக்கும் அவரு நம்பர் போடுவாரு. 'தங்கள் பிழைச் செய்தி பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் அடிப்பாரு. மனு குடுத்தவங்ககிட்ட பதில சேக்கணுமே? பெட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டற மாதிரி அது மேலயே ஒட்டிடறாங்க."

"ஒட்டனா?"

"காத்துப் போற ஓட்டையெல்லாம் அடச்சிக்கிச்சி. பெட்டி கொதிக்குது. கொதிக்குதுன்னு அது ஒரு மெசேஜ் குடுத்திச்சி. அத நினைவூட்டுக் கடிதம்னு சொல்லி, அதுக்கும் ஒரு பதில் ஒட்டிட்டாங்க."

தாவூத் ஏசி மெக்கானிக். கை துறுதுறுத்தது. இரண்டு காகிதத்தைப் பிய்க்கப் போனவரை அக்னஸ் தடுத்தாள். "அரசாங்க நோட்டீச கிழிச்சா கேசாவும் பாய்."

டொய்ங்.

"சரி, அது இன்னாதான் சொல்லுது?"

அக்னஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்தக் கேள்வியை இந்தக் கட்டடத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "ஒரே நம்பர்ல ரெண்டு பேரு ஒக்காந்துகினு இருக்காங்கன்னு சொல்லுது. கம்பில இருக்கற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. சர்டிபிகேட்டெல்லாம் முதன்மை அதிகாரி பார்வைக்குப் போவணும்னு ஒண்ணாம் நம்பருக்குத்தான் அனுப்பணும். ஆனா விழுப்புரம் ஆபீசர் மெஷினும் ஒண்ணு, திண்டிவனம் ஆபீசர் மெஷினும் ஒண்ணு. எந்த மெஷின் கடசியா சத்தம் குடுக்குதோ அதான் ஒண்ணுன்னு பெட்டி நெனச்சிக்கும்."

"அதுக்குத்தான் அவரு எண்டர தட்டிக்கினே இருக்காரா?"

"பச்சைமுத்து அண்ணனுக்கு வேலையே அதான். தட்டறப்பல்லாம் இந்த மெஷின் சத்தம் குடுக்கும். திண்டிவனத்துலயும் ஒரு ஆளு இருந்தாரு. வெரல் வீங்கி லீவுல இருக்காரு. அதான் எல்லாம் இங்கயே வந்து வுழுது."

"ஒருத்தரு நம்பர ரெண்டுன்னு மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

"இந்தா, இவ்ளோ நேரம்" என்று விரலைச் சொடுக்கினாள் அக்னஸ். "ஆனா ஆபீசர் நம்பர நான் தொடக் கூடாது. காலியா கெடக்கற நம்பர மட்டும்தான் நான் எடுத்துக் குடுக்கலாம். நீங்களே போயி அவரக் கேட்டுப் பாருங்க."

கேட்டார். ஒற்றைச் செருப்போடு.

விழுப்புரம் கோட்ட அதிகாரி சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒரு பொதுக்கூட்டத்தைப் பார்ப்பதுபோல் தாவூதைப் பார்த்தார்.

"நீங்கள் ஒன்று என்பதை ஓர் எண்ணாகப் பார்க்கிறீர்கள். பொதுமக்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. அது என் வாழ்க்கை! நானும் தாண்டவராயனும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றோம். நான் முற்பகலில் பதவியேற்றேன். அவர் தானும் முற்பகல்தான் என்கிறார். நான் ஏற்கும்போது அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த சாட்சி என்னிடம் இருக்கிறது. யார் மூத்தவர் என்று வழக்கு நடக்கிறது. இந்த நேரத்தில் நான் இரண்டு என்று மாறினால் என்ன அர்த்தம்? நானே தோற்றேன் என்று அர்த்தம்."

"சார், எனக்கு வியாழக்கெழம விசா..."

"சேவை செய்யத்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு வரிசை உண்டு. சேவை செய்கிறவன் முதலில் சக அதிகாரியைவிடப் பெரியவனாக இருக்க வேண்டும். பிறகு சேவை. நான் பெரியவன் என்று தீர்ப்பு வரட்டும், உங்கள் சான்றிதழை நானே கையில் கொண்டு வந்து தருகிறேன்."

"எப்ப சார் வரும்?"

"எட்டு வருடம் போயிருக்கிறது. பாதி முடிந்திருக்கும்."

அடுத்த பஸ்ஸில் தாவூத் திண்டிவனத்தில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு நேராகக் கம்பி ஆபீஸ். கவுண்டரில் வெனிலா என்ற இளம்பெண், சீலை மையில் ஒற்றித் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒரு வாரமா ஒத்தி வெச்சிக்கினே இருக்கேன் பாய். மைதான் காயுது, பேப்பர் வர்ல."

உள்ளே திண்டிவனம் கோட்ட அதிகாரி தாண்டவராயன் எழுந்து நின்றே வரவேற்றார்.

"மக்களுக்காக எதையும் விட்டுக்கொடுப்பவன் நான். கழகம் கொடுத்த குவார்ட்டர்ஸை விட்டுக்கொடுத்தேன், அங்கே தண்ணீர் வரவில்லை. பழைய ஜீப்பை விட்டுக்கொடுத்தேன், புதிது வந்தது. இந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்! அன்று நான் டிபன் சாப்பிட்டது உண்மை. ஆனால் பதவியேற்ற பிறகு சாப்பிட்டேன். சீனுவாசன் ஒரு மனிதன் சாப்பிடுவதை வைத்து வழக்கு நடத்துகிறார். அதுதான் அவர் தரம்."

"உங்க எண்டர் ஆளு எப்ப சார் லீவு முடிஞ்சி வருவாரு?"

"மாற்று ஆள் கேட்டு எழுதினேன். பழுதானது விரல் மட்டும் என்னும்போது முழு ஆள் எதற்கு என்று தலைமையகம் விளக்கம் கேட்டிருக்கிறது. பதில் தயாராகிறது."

தாவூதுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. "சார், நான் தட்டட்டுமா?"

தாண்டவராயன் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலைவன வெயிலில் ஸ்பானர் பிடித்த விரல். அதிகாரியின் கண் கலங்கியது. "பொதுமக்களில் இப்படி ஒருவரா!"

நாற்காலி போட்டார்கள். தாவூத் அக்னஸுக்கு போன் செய்து காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"அம்மா, நான் தட்ட ஆரம்பிக்கறேன். நீ அனுப்பு."

"இருங்க பாய், இங்க பச்சைமுத்து அண்ணன் ரெண்டு கையாலயும் தட்டிக்கினு இருக்காரு. விஷயம் தெரிஞ்சிடிச்சி போல. வுடாதீங்க!"

டொக்டொக்டொக்டொக்.

திண்டிவனம் ஆபீசே அவரைச் சுற்றி நின்றது. யாரோ மோர் கொடுத்தார்கள். யாரோ தோளைப் பிடித்துவிட்டார்கள். தாண்டவராயன் பின்னால் நின்று, "அப்படித்தான்! அப்படித்தான்! எட்டு வருட அவமானம்!" என்று முணுமுணுத்தார். தாவூதின் நெற்றியிலிருந்து வியர்வை பொத்தான்மேல் சொட்டியது. நிமிடங்கள் ஓடின. விரல் மரத்துப்போனது. விரலை மாற்றினார்.

"பாய்! அண்ணன் டீ குடிக்க எழுந்துட்டாரு! பெட்டி ஒங்க பக்கம் திரும்பிடிச்சி! அனுப்பிட்டேன்!"

பிரிண்டர் உறுமியது. காகிதம் அசைந்தது. கழகத்தின் முத்திரை வந்தது. 'பிறப்புச்' என்ற சொல் வந்தது. வெனிலா சீலை ஓங்கினாள்.

பட்.

மின்விசிறி நின்றது. விளக்கு நின்றது. பிரிண்டர் காகிதத்தைக் கடித்தபடியே செத்தது. மின்வெட்டு.

"மூணு மணி ஆயிடிச்சா?" என்றார் யாரோ சாவகாசமாக. கூட்டம் கலைந்தது. அதிகாரியின் கணினி மட்டும் இன்வெர்ட்டரில் எரிந்துகொண்டிருந்தது.

"சார், பிரிண்டரயும் அதுல மாட்டுங்க சார்!"

"இன்வெர்ட்டர் என் பணிமூப்பைப் பாதுகாக்க வாங்கியது. அதில் பொதுமக்கள் சான்றிதழை அச்சடித்தால் தணிக்கையில் கேட்பார்கள்" என்றார் தாண்டவராயன், மிகுந்த வருத்தத்தோடு.

அன்று கரண்ட் திரும்பி வந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. அனுப்பிய சான்றிதழை மறுபடி அனுப்ப மறுநாள்தான் முடியும். வீட்டுக்கு வந்த தாவூதின் விரலுக்கு ரிஸ்வானா எண்ணெய் தடவினாள்.

"இன்னாங்க, சர்டிபிகேட்டு வாங்கப் போனீங்களா, செவுத்துக்குக் குத்து வுடப் போனீங்களா?"

"பேஜாரா இருக்கு புள்ள. நாள் வேற போயிடிச்சி."

"நாளைக்கி ஒரு நாளு இருக்குதில்ல? போங்க. வாங்காம வந்தா நானே வந்து அந்த ஆபீசர் சட்டையப் புடிப்பேன்."

புதன்கிழமை காலை அக்னஸ் போன் செய்தாள். "பாய், இன்னிக்கி இங்க பிழை குறைதீர்க்கும் கூட்டம். ரெண்டு ஆபீசரும் ஒரே ரூம்ல இருப்பாங்க. பொதுமக்கள் வரலாம்னு போர்டுல போட்டிருக்கு. யாரும் வந்ததில்ல. நீங்க வாங்க."

போனார். நீள மேஜையின் ஒரு முனையில் சீனுவாசன். மறுமுனையில் தாண்டவராயன். இருவரும் தலைமை இடம் என்று ஆளுக்கொரு முனையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நடுவில் விருத்தாசலம், கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு. அடுத்த அறையிலிருந்து பச்சைமுத்துவின் டொக், டொக்.

"மனுதாரர் ரூட்டிங் ஸ்விட்ச் ஆஜரா?" என்றார் விருத்தாசலம்.

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

"இந்த வாரமும் ஆஜராகவில்லை. வரும் வாரமும் இப்படியே போனால் எல்லாப் பிழைகளையும் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கும்."

"பெட்டிய கழட்டி எடுத்தாந்தா நெட்டே நின்னுடும் சார்" என்றாள் அக்னஸ்.

"அப்படியானால் அதன் சார்பில் யாராவது?"

எல்லோர் பார்வையும் அறையிலிருந்த ஒரே வெளியாளான தாவூத்மேல் விழுந்தது. அடுத்த நிமிடம் அவர் முன்னால் ஒரு காகிதம் நீட்டப்பட்டது. அவர் கையெழுத்திட்டார். ஷேக் தாவூத், ரூட்டிங் ஸ்விட்ச்சுக்காக.

"உமக்கு என்ன குறை?" என்றார் விருத்தாசலம்.

"எனக்கு பர்த் சர்டிபிகேட்டு வேணும் சார். இன்னிக்கே வேணும்."

"ஸ்விட்ச்சுக்கு எதற்குப் பிறப்புச் சான்றிதழ்? விஷயத்துக்கு வாரும்."

"சரி சார். நான் ஸ்விட்ச்சு. ஒண்ணாம் நம்பர்ல ரெண்டு பேரு இருக்கீங்க. ஒருத்தரு எழுந்திரிங்க. எனக்கு எங்க அனுப்பறதுன்னு தெரியல. தல சுத்துது. ஒடம்பு பூரா நீங்க ஒட்டன பேப்பரு, கொதிக்குது. அல்லாவுக்காக ஒருத்தரு ரெண்டுன்னு மாத்திக்குங்க சார்."

விருத்தாசலம் பேனாவைக் கீழே வைத்தார். "நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஸ்விட்ச் பேசுகிறது. இது நீதிமன்ற அவமதிப்பு. ஸ்விட்ச்சை எச்சரிக்கிறேன்." எச்சரிக்கை உடனே தட்டச்சு ஆனது. ஒட்டுவதற்குக் கோந்து கொண்டுவரப்பட்டது.

தாவூத் கடிகாரத்தைப் பார்த்தார். இன்று போனால் தோஹா போச்சு.

"அடுத்து" என்று குரலைத் தாழ்த்தினார் விருத்தாசலம். "தணிக்கைக் குழுவிலிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது. தீர்க்கப்படாத பிழைச் செய்திகள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. பொறுப்பு நிர்ணயம் செய்யப்படலாம் என்கிறார்கள்."

மேஜையின் இரு முனைகளிலும் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்விட்ச் அறையில் தொலைபேசி அலறியது. அக்னஸ் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே "ஆமாங்க மேடம்... சரிங்க மேடம்... கேட்டுச் சொல்றேங்க மேடம்" என்று குரல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அல்லது அப்படித் தெரிந்தது.

"சார், மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல இருந்து கிருஷ்ணவேணி மேடம். டைரக்டர் மேடமே லைன்ல வந்தாங்க."

"என்னவாம்?" இரண்டு குரல்கள்.

"நம்ம ஸ்விட்ச்சுல ஒண்ணாம் நம்பர் யாருன்னு கேட்டாங்க. பேரு, பதவியோட உடனே சொல்லணுமாம். பெட்டில இன்னா இருக்குதோ அதான் ரெக்கார்டாம். பதினைஞ்சி நிமிஷத்துல திரும்பக் கூப்புடுவாங்களாம்."

பச்சைமுத்துவின் டொக், டொக் மட்டும் கேட்டது. அது இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

முதலில் அசைந்தவர் சீனுவாசன். எழுந்து, நடந்து, அடுத்த அறைக் கதவைத் திறந்து, மிக அமைதியாகச் சொன்னார். "பச்சைமுத்து, கையை எடு."

"சார்?"

"பொத்தானிலிருந்து கையை எடுய்யா!"

எட்டு வருடங்களில் முதல்முறையாக அதிகாரியின் உத்தரவால் அந்தச் சத்தம் நின்றது. பச்சைமுத்து தன் விரலை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீனுவாசன் திரும்பிவந்து கணீரென்று பேசினார். "எண்களில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. தாண்டவராயன் மூத்தவர். அவர் டிபன் சாப்பிட்டது பதவியேற்ற பிறகுதான் என்று இப்போது எனக்குத் தெளிவாக நினைவு வருகிறது. அக்னஸ், என் கணினியை இரண்டு என்று மாற்று."

"கூடாது!" தாண்டவராயன் மேஜையில் அடித்தார். அவர் காதில் ஏற்கெனவே செல்போன் இருந்தது. "திண்டிவனத்தில் என் உதவியாளர் இந்த நிமிடமே மாற்றிக்கொண்டிருக்கிறார். நான்தான் இரண்டு! சீனுவாசன் ஐயாவின் அனுபவம் எங்கே, நான் எங்கே? அன்று நான் சாப்பிட்டது டிபன் கூட அல்ல, மதியச் சாப்பாடு! அவ்வளவு தாமதமாகத்தான் பதவியேற்றேன்! ...யோவ், மாத்திட்டியா இல்லியா? ரெண்டுய்யா, ரெண்டு! ஒண்ணுக்கு அடுத்து வருமே, அது!"

"நான் முதலில் சொன்னேன்! இரண்டுக்கு நான்தான் மூத்தவன்!"

"எழுத்தில் கொடுங்கள்" என்றார் விருத்தாசலம். வாழ்க்கையில் அவருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. "இருவரும் எழுத்தில் கொடுத்தால் நம்பர் போட்டுவிடலாம்."

பாய்ந்து எழுதினார்கள். ஒருவர் பேனாவை ஒருவர் பிடுங்கிக்கொண்டார்கள். 'நான் எக்காலத்திலும் ஒன்றாம் எண்ணாக இருந்ததில்லை' என்று ஒருவர். 'இருக்க விரும்பியதும் இல்லை' என்று மற்றவர். அதற்குள் அக்னஸ் அடுத்த அறைக் கணினியின் எண்ணை இரண்டு என்று மாற்றிவிட்டு வந்திருந்தாள்.

டொய்ங்.

அக்னஸ் ஸ்விட்ச் அறைக்குள் ஓடினாள். பின்னால் தாவூத். திரையில் சிவப்பு வரி.

"மறுபடியும் ரெண்டு பேரா?"

"ரெண்டாம் நம்பர்ல ரெண்டு பேரு. அடிச்சிக்கட்டும். ஒண்ணு காலியா கெடக்குது பாய். காலி நம்பர நான் எடுத்துக் குடுக்கலாம்." அவள் ஒரு கையால் போனை எடுத்தாள். "வெனிலா! ஒன் கவுண்டர் மெஷின் நம்பர மாத்து. ஒண்ணு. ஆமாண்டி, ஒண்ணுதான். பயப்படாத, போடு. போட்டியா?"

மறுகை விசைப்பலகையில் பறந்தது. தாவூத் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. எங்கோ தொலைவில், ஒரு மணி நேர பஸ் தூரத்தில், ஒரு பிரிண்டர் உறுமுவது போனுக்குள் சன்னமாகக் கேட்டது.

"அக்கா! வந்துடிச்சிக்கா! முழுசா வந்துடிச்சி! சீல் வெச்சிட்டேன்!"

"ஓடுங்க பாய்! மூணு மணிக்கு கரண்ட் போனா கவுண்டர பூட்டிக்கினு போயிடுவா. ஓடுங்க!"

தாவூத் ஓடினார். வெளியே கூட்ட அறையில் விருத்தாசலம் புதிய பிழைக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருந்தார். எண்டர் ஊழியர் பச்சைமுத்து, இனி எந்த அதிகாரிக்காக எந்தப் பொத்தானைத் தட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். ஸ்விட்ச் அறையில் மறுபடி தொலைபேசி ஒலித்தது. அக்னஸ் பணிவாக, "ஒண்ணாம் நம்பர் திண்டிவனம் கவுண்டருங்க மேடம்... வெனிலாங்க... ஆபீசருங்க ரெண்டு பேரும் நாங்க இல்லன்னு எழுத்துல குடுத்திருக்காங்க மேடம்" என்று சொல்வது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

திண்டிவனத்தில் வெனிலா வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். சான்றிதழில் சீல் ஈரமாக இருந்தது. தாவூத் அதை இரு கையாலும் வாங்கி, ஊதிக் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைச் சட்டைக்குள் போட்டு, சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டு, சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ரிஸ்வானாவுக்கு போன் செய்தார். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மண்ணடியில் சாப்பிடாமல் இருக்காதீர்கள் என்றாள். ஏஜென்டுக்கு போன் செய்தார். "காலைல வாங்க பாய், விசா உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் தாவூதுக்கு உறைத்தது. சான்றிதழ் கொடுக்கும்போது அந்தப் பெண் வெனிலா சிரித்த சிரிப்பு கண்ணில் நின்றது. இப்போது ஒன்றாம் எண் அவள் தலையில் அல்லவா இருக்கிறது? லட்சம் பிழைக்கும் பொறுப்பு என்று ஹெட் ஆபீஸ் மெமோ அனுப்பினால் அது யார் வீட்டுக் கதவைத் தட்டும்? தன் விசாவுக்காக ஒரு கவுண்டர் பெண்ணின் சோற்றில் மண் விழுந்துவிட்டதா?

உடனே அக்னஸை அழைத்தார்.

"அம்மா, எனக்கு மனசு கேக்கல. மெட்ராஸ்லருந்து மெமோ வந்தா வெனிலா பொண்ணு மாட்டிக்கும். அது நம்பர மறுபடி மாத்திடு. எம் மேல எதனா எழுதிக்கணும்னா எழுதிக்கோ. ஸ்விட்ச்சு சார்புல நாந்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

மறுமுனையில் சிரிப்பு. அடக்கி அடக்கி, பிறகு அடக்க முடியாமல்.

"மெமோவா? மெமோன்னு நான் எப்ப பாய் சொன்னேன்?"

தாவூத் யோசித்தார். கூட்டத்தில் அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். மெமோ என்று அவள் சொல்லவில்லை. பொறுப்பு என்று சொல்லவில்லை. தண்டனை என்று சொல்லவில்லை.

"அப்ப எதுக்கு ஒண்ணாம் நம்பரு யாருன்னு கேட்டாங்க?"

"கேஸ் முடிஞ்சிடிச்சாம் பாய். ஸ்விட்ச்சுல யாரு ஒண்ணோ அவருதான் சீனியர்னு தீர்ப்பு வந்துடிச்சாம். இணை இயக்குநர் பிரமோஷன் ஆர்டர் டைப் அடிச்சி, பேரு போடற எடத்த மட்டும் காலியா வுட்டுக்கினு, மேடம் லைன்ல காத்துக்கினு இருந்தாங்க."